வெள்ளையடிக்கும் முன் விளக்கெடுத்துப் பாருங்கள்

 

வீட்டை விற்பதென்று முடிவாகிவிட்டால் நம்மவர்கள் முதலில் தேடுவது சுண்ணாம்பு அடிப்பவரைத்தான். பொறியாளரை அழைத்துக் காட்டுவோர் அரிது.

எமக்குத் தெரிந்த கடலோர ஊர்க் குடும்பம் ஒன்று, மகளின் நிக்காஹ் செலவுக்காகத் தங்கள் மெட்ராஸ் டெரஸ் வீட்டை விலை பேசிற்று. முன்பணம் வாங்கி, அதில் நகையும் எடுத்தாகிவிட்டது. கிரயத்திற்கு முன் வாங்குபவர் ஒரு பொறியாளரோடு வந்தார். அவர் ஏணியில் ஏறி, சுவருக்குள் செருகியிருந்த கட்டையின் முனையைத் திருப்புளியால் குத்தினார். உளுத்த மாவு கொட்டிற்று. பேசிய விலையில் பெருந்தொகையைக் குறைத்தாலன்றிக் கிரயம் இல்லை என்றார் வாங்குபவர். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியின்றிக் கேட்ட விலைக்கே கையெழுத்திட்டார்கள். இரண்டு கட்டைகளை மாற்றித் தட்டோட்டின் வெடிப்பைப் பூசும் செலவு அதில் கால்பங்குகூட இராது.

“தெரிந்தால் மறைத்திருப்போமா?” என்று அந்த உம்மா கண்கலங்கினார். உண்மைதான். ஆனால், தெரிந்துகொள்ள முயலவில்லையே!

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கடிந்துகொண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. ஓதம் ஏறிய சுவர்மீது வெள்ளையடித்து விற்பதும் அத்தகையதே அன்றோ? குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் வாங்கியவருக்கு அளிக்கின்றன. நாட்டுச் சட்டமும் அவ்வாறே. வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டறிய இயலாத, விற்பவர் அறிந்த முக்கியக் குறையை வெளியிட்டாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு. சொத்துரிமையில் உள்ள குறைக்கும் இது பொருந்தும். ஆகவே வாப்பாவின் பெயரிலேயே இருக்கும் வீடாயின், சகோதரிகளின் பங்கும் உம்மாவின் பங்கும் தீர்ந்தனவா என்பதையும் முதலிலேயே பாருங்கள்.

மழைக்காலம் முடிந்த கையோடு வீட்டைச் சோதிப்பது நலம். ஒழுக்கின் கறை காயாமல் இருக்கும். குளியலறைச் சுவரின் மறுபக்கம், நிலைக்கதவின் அடிப்பகுதி, பரணின் மூலை ஆகிய இடங்களில் கரையான் மண்கோடு இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள். காங்கிரீட் தளமாயின் உப்புக்காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துப் பூச்சைத் தள்ளியிருக்கும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பழைய மின்கம்பிகளையும் செப்டிக் டேங்கையும் விட்டுவிட வேண்டாம். மூடியைத் திறக்க அருவருப்பாகத்தான் இருக்கும்!

சிறு குறைகளைச் சரிசெய்துவிடுங்கள். இயலாதவற்றைப் பொறியாளர் எழுதித் தரும் தாளோடு, விலை பேச வருபவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அவர் பேரம் பேசுவார், பேசட்டும். கண்முன் தெரியும் இரண்டு கட்டைகளுக்குத்தான் அவரால் விலை குறைக்க இயலும். தாமே கண்டுபிடித்துவிட்டாலோ, காணாத பத்துக் கட்டைகளுக்கும் சேர்த்துக் குறைப்பார்.