நாத்தான் கதை சொன்னார்... நாம் ஏன் விசாரணை நடத்துகிறோம்?

வேதபாடத் தேர்வில் முதல் பரிசு, பாடகர் குழுவில் இடம், ஞாயிறு தவறாமல் ஆலயம். இப்படிப்பட்ட பிள்ளையின் போனிலும் பெற்றோருக்குத் தெரியாத இரண்டாவது இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்கலாம். அதை வீட்டாரிடம் மறைப்பது முதல் படி. 'எல்லாரும்தானே செய்றாங்க' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வது அடுத்த படி. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தாவீது ராஜாவும் அந்தப் படியில் நின்றவர்தான். உரியாவின் மனைவி பத்சேபாளை அபகரித்தார். உரியாவைப் போர்முனையில் சாகவிட்டார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் அரண்மனையில் வாழ்ந்தார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து குற்றப்பட்டியல் வாசிக்கவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்த பணக்காரனின் கதையைச் சொன்னார். தாவீது கொதித்தெழுந்தார். அந்த மனிதன் அவரேதான் என்று நாத்தான் சொன்னபோது, ராஜாவால் மறுக்க முடியவில்லை (2 சாமுவேல் 12).

அடுத்தவர் தவறு பளிச்சென்று தெரியும். நம் தவறுக்கு மட்டும் காரணம் கிடைத்துவிடும். பதின்வயதினருக்கும் அப்படித்தான். பெற்றோர் என்ன செய்யலாம்?

* குடும்ப ஜெபத்தில் குத்திக்காட்டாதீர்கள். 'ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தி கொடும்' என்று சத்தமாக ஜெபித்தால், பிள்ளை அடுத்த முறை இன்னும் கவனமாக மறைக்கும்.

* 'ஏன் இப்படிச் செய்தே?' என்பதற்குப் பதிலாக, 'இதையே உன் ஃபிரெண்ட் செஞ்சா, நீ என்ன சொல்லுவே?' என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

* அந்த வயதில் நீங்கள் மறைத்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது சீக்கிரம் கதவைத் திறக்கும்.

* பிள்ளை சொன்னதைச் சித்தி, அத்தை, பாஸ்டர் என்று பரப்பாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது என்பது கத்தோலிக்கக் குருவானவர்களுக்குச் சட்டம். வீட்டிலும் அந்த நம்பிக்கை வேண்டும்.

* ஒன்று மட்டும் விதிவிலக்கு. யாராவது பிள்ளையைத் தவறாகத் தொட்டிருந்தாலோ, படத்தை வைத்து மிரட்டினாலோ, அது பிள்ளையின் பாவம் அல்ல. இதை முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள். பிறகு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐத் தயங்காமல் அழையுங்கள்.

உண்மையைச் சொன்னதோடு வேலை முடிவதில்லை. எடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும். காயப்படுத்திய தோழியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிள்ளையைத் தனியாக அனுப்பாமல், நீங்களும் கூடப் போங்கள்.