காலைக் காக்கும் படிப்பு

விவேக் நகரிலும், அதை அடுத்த நீலசந்திரா, ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பி.யு.சி. தேறிய பிள்ளை டாக்டருக்குப் படிக்க விரும்பினால், கண் டாக்டர், இருதய டாக்டர் என்றே பெற்றோர் கனவு காண்கின்றனர். பாத மருத்துவம் என்று சொன்னாலோ, "போயும் போயும் காலைப் பிடித்தா பிழைப்பது?" என்ற கேலிதான் கிடைக்கிறது. இந்த எண்ணம் மாறியாக வேண்டும்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023ல் வெளியான ஆய்வு. இந்நோய் நாள்பட்டால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகின்றன. செருப்புக்குள் கிடக்கும் கல் உறுத்துவதில்லை, வெந்நீர் சுடுவதில்லை. கொப்புளம் புண்ணாகி, சீழ் பிடித்து, எலும்பைத் தொட்ட பிறகே பலர் ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்றனர். கடைசியில் விரலையோ காலையோ எடுக்க நேரிடுகிறது. கொத்தனாருக்கும் தள்ளுவண்டி வியாபாரிக்கும் கால் போனால் பிழைப்பே போயிற்று என்று பொருள்.

இத்துறையின் வளர்ச்சியில் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் அடியும் அழுத்தமும் பட்டே அழிகிறது என்று எடுத்துக்காட்டினார். அவர்களுக்காக மெத்தென்ற ரப்பர் செருப்புகள் அங்கே உருவாயின. 1966ல் அவர் அமெரிக்கா சென்றார். அந்தப் பாடமே பின்னர் சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காக்க உதவியது.

அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பின் 4 ஆண்டுகள் பாத மருத்துவக் கல்லூரியிலும், அதன்பின் 3 ஆண்டுகள் ஆஸ்பத்திரிப் பயிற்சியிலும் கழிக்க வேண்டும். இங்கே வழி வேறு. எம்.பி.பி.எஸ். முடித்து, அறுவை சிகிச்சையிலோ சர்க்கரை நோய் மருத்துவத்திலோ தேர்ச்சி பெற்று, பிறகு பாதச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெறுவோரே அதிகம். நர்சிங், பிசியோதெரபி படித்தவர்களும் பாதப் பராமரிப்பில் பயிற்சி பெறலாம். பெங்களூரிலேயே, கர்நாடக நாளமில்லாச் சுரப்பியியல் ஆய்வு நிலையத்தில் பாத நோய்களுக்கென்று தனிப் பிரிவு இயங்குகிறது.

"படித்தால் வேலை உண்டா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. 2021ல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்தின் அட்டவணையில் பாத மருத்துவரின் பெயரும் இடம்பெற்றது. ஆனால் அட்டவணையில் பெயர் இருந்தால் மட்டும் வயிறு நிறையாது. முழுமையான பட்டப்படிப்பை மாநில அரசு தொடங்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரி வரை பாதப் பராமரிப்புக்கென்று பணியிடங்களும் ஏற்படுத்த வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கச் சில நிமிடங்களே போதும். அந்தச் சில நிமிடங்களை ஒதுக்க ஆள் இல்லாமல் கால்களை இழப்பது பெருங்கொடுமை.

அதுவரை, ஆர்வமுள்ள மாணவர்கள் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி என்ற தெரிந்த வாசல்கள் வழியாகவே இத்துறைக்குள் நுழைவது நல்லது. கைப்பிழைப்பும் கெடாது, ஏழையின் காலும் தப்பும். பிறர் காலைப் பிடித்துப் புண்ணைக் கழுவும் கை தாழ்ந்த கை அல்ல. ஒரு குடும்பத்தையே தாங்கி நிறுத்தும் கை அது.