குடும்பப் பக்கம்: சாமி பாடத்துக்கும் மார்க்கு

சென்ற பிரதோஷத்தன்று பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் என்னைத் தூணோரம் அழைத்துப் போய், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். பிள்ளைக்கு இந்து சமயப் பாடத்தில் மார்க் வேண்டும், பள்ளியில் அதற்கு ஆசிரியர் இல்லை, கோயிலில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். "இத்தனை பணம் கட்டி கேம்பிரிட்ஜ் படிப்பில் சேர்த்திருக்கிறோம். சாமி பாடத்துக்குமா அண்ணா மார்க்கு?" என்றார். நம் அங்கத்தினர் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் இம்மாதம் இதையே எழுதுகிறேன்.

இந்தோனேசியாவில் வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகள் 2014-ல் புதிய விதியின் கீழ் வந்தன. 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லைக்கூடப் பெயரிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஜகார்த்தா இன்டர்நேஷனல் ஸ்கூல் அந்த வருஷம்தான் ஜகார்த்தா இன்டர்கல்சுரல் ஸ்கூல் ஆனது. பெயர்ப் பலகை சின்ன விஷயம். பெரிய விஷயம், இந்நாட்டுப் பிரஜையான மாணவர் கேம்பிரிட்ஜ் படித்தாலும் ஐ.பி. படித்தாலும் சமயம், இந்தோனேசிய மொழி, பஞ்சசீலக் குடிமைப் பாடம் ஆகிய மூன்றையும் படித்தே ஆக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளுக்கு இந்தோனேசிய மொழியும் இந்நாட்டைப் பற்றிய பாடமும் மட்டும்தான்.

அந்த அம்மாளின் குடும்பம் மேடானிலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாக இந்நாட்டுப் பிரஜைகள். ஆகவே கடிதம் வந்ததில் தவறில்லை. 2003-ம் வருஷக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாணவருக்கும் தம் சமயத்தை அதே சமயத்து ஆசிரியரிடம் படிக்கும் உரிமை உண்டு. பிள்ளையை வேறு சமய வகுப்பில் உட்கார வைக்கவோ, அந்த மணி நேரம் நூலகத்துக்கு அனுப்பிவிட்டுக் கணக்கு முடிக்கவோ சம்மதிக்காதீர்கள். இந்து மாணவர் குறைவாக உள்ள இடங்களில் 'பசரமான்' என்னும் வகுப்பில் படித்து வாங்கிய மார்க்கைப் பள்ளிக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நம் 'ஆசிரமம்' என்ற சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது.

சிக்கல் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அது பாலித் தீவு வழக்கத்தை ஒட்டியது. தைப்பூசமும் கந்த சஷ்டியும் தெரிந்த பிள்ளையிடம் 210 நாளுக்கு ஒரு முறை வரும் கலுங்கான் பண்டிகையைக் கேட்டால் விழிக்காமல் என்ன செய்யும்? அதற்காகப் புத்தகத்தை அந்நியம் என்று ஒதுக்க வேண்டாம். அவர்கள் மூன்று வேளையும் சொல்லும் திரிசந்தியா பிரார்த்தனை காயத்ரியில்தான் தொடங்குகிறது. ஐந்து நம்பிக்கைகள் என்று மனப்பாடம் செய்யச் சொல்வது பிரம்மம், ஆத்மா, கர்ம பலன், மறுபிறப்பு, மோட்சம். பாட்டி சொன்னதை வேறு உச்சரிப்பில் கேட்பது போலத்தான். என் அபிப்பிராயத்தில், வீட்டில் விபூதி பூசி விட்டுவிடுவதைவிட இந்த மார்க்குக்காகவாவது பிள்ளை நாலு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது.

ஊர் திரும்ப நினைக்கும் இந்தியக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இந்தியாவில் டாக்டருக்குப் படிக்க வேண்டுமானால் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றும் ஆங்கிலமும் தேவை. ஐ.பி. டிப்ளமாவின் ஆறு பாடத்தில் சாதாரணமாக இரண்டு விஞ்ஞானம்தான் எடுக்க முடியும். மூன்றாவதற்குத் தனி அனுமதி வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பள்ளியில் கேளுங்கள். பன்னிரண்டு முடித்தபின் என்னிடம் வந்து அழுது பயனில்லை.

சமயப் பாடக் கடிதம் வந்தவர்கள் அடுத்த ஞாயிறு பூஜைக்கு வரும்போது அதைக் கொண்டு வாருங்கள். நம் வகுப்பின் மார்க்கை ஏற்பார்களா என்று அந்தந்தப் பள்ளியிலேயே முதலில் எழுதி வாங்க வேண்டும். தேவாரம் சொல்லிக்கொடுக்க நமக்கு ஆள் இருக்கிறார்கள். இந்தோனேசிய மொழிப் புத்தகத்தை வாசித்துப் பிள்ளைகளுக்குப் புரியும்படி தமிழில் சொல்லக்கூடியவர்தான் இல்லை. உங்களில் யாருக்காவது முடியுமானால் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள்.