பன்னிரண்டு பேரைப் பூங்காவில் தேடுங்கள்

உடற்பயிற்சிச் செயலியைத் தனியாளாக உருவாக்கிக்கொண்டிருக்கும் வாசகர்கள் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிளே ஸ்டோர் கேட்கும் 12 பேரை எங்கே பிடிப்பது? 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தாக வேண்டும். அதன்பிறகுதான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். முதலில் 20 பேர் என்றிருந்ததைப் பின்னர் குறைத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்படி வருகிறவர் செயலியை நிறுவுவார், ஓரடிகூட நடக்க மாட்டார். உங்களுக்குக் கிடைத்த இரண்டு வாரமும் வீணாகும்.

மயிலாப்பூர்க்காரருக்கு நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது, தி.நகரில் நடேசன் பூங்கா, அடையாறு என்றால் எலியட்ஸ் கடற்கரை. விடிகாலையில் போய் நின்று, நடப்பவர்களின் கைகளைப் பாருங்கள். பலரிடம் போனே இருக்காது. வீட்டுச் சாவியும் சில்லறைப் பர்ஸும்தான். போன் சமையலறை மேடையில் சார்ஜில் கிடக்கும். கொண்டுவருகிறவர்களிலும் சிலருடைய ஆண்ட்ராய்டு போன், பேட்டரியை மிச்சம்பிடிக்கப் பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். ஐந்து சுற்று வியர்க்க நடந்து முடித்தவரிடம் திரை "இன்று 0 அடி" என்று சொன்னால், மறுநாள் அவர் உங்கள் செயலியைத் தொடமாட்டார். அறைக்குள் எமுலேட்டரில் சோதித்தால் இது ஒருநாளும் தெரியவராது.

செயலியில் என்ன வேண்டும் என்பதற்குச் சென்னை ஆய்வு ஒன்றே நல்ல விடை வைத்திருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களை இரண்டு பிரிவாக்கியது. எல்லோருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை சொல்லப்பட்டது. ஒரு பிரிவுக்கு மட்டும் உணவு, உடலுழைப்பு பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின. இரண்டு ஆண்டு முடிவில் செய்தி கிடைக்காதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு. 2013-இல் லான்செட் குழும இதழில் வெளிவந்த ஆய்வு இது. வரைபடமோ பதக்கமோ தரவரிசைப் பட்டியலோ கிடையாது, வெறும் எஸ்.எம்.எஸ். ஆனால் எப்போது வரவேண்டும், எத்தனை வரவேண்டும் என்பது பெறுகிறவரின் விருப்பப்படி அமைந்தது. தனியாளால் செய்ய முடிகிற வேலை இது. மூன்று மாதம் உட்கார்ந்து அனிமேஷன் செதுக்குவதைவிட, இருபது நல்ல தமிழ்ச் செய்திகளை எழுதுவது கடினம், பயனும் அதிகம். "வாழ்த்துகள்! உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்!" என்று மொழிபெயர்த்த வாக்கியம் யாரையும் செருப்பு மாட்ட வைக்காது. அந்த இலக்கையும் யோசித்து வையுங்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு போடும் 10,000 அடி, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிக்கணக்குக் கருவியோடு பரவிய எண்.

இன்னொரு சென்னை ஆய்வையும் நாம் மறந்துவிட்டோம். தொண்ணூறுகளின் இடையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் திருமங்கலத்தின் நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்றையும், தி.நகர் பாரதி நகரின் குறைந்த வருவாய்க் குடும்பங்களையும் ஆராய்ந்தார்கள். விழிப்புணர்வுப் பேச்சுகளுக்குப் பிறகு திருமங்கலத்துக்காரர்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். இடமும் துணையும் கிடைத்ததும் நடந்தார்கள். உங்கள் செயலி அந்தத் துணையை ஏற்பாடு செய்தால் போதும்: அதே தெருவில், அதே நேரத்தில் நடக்கிற இன்னொருவர்.

பாரதி நகர்க் கதை வேறு. பத்தாண்டில் அங்கே சர்க்கரை நோய் 6.5 சதவீதத்திலிருந்து 15.3-க்கு ஏறியது. திருமங்கலத்தில் 12.4 இருந்தது 15.4 ஆனது. வசதிக்காரர் நோய் என்ற பேச்சு அத்தோடு முடிந்துபோனது. ஆனால் நம் செயலிகளோ இன்னும் ஸ்மார்ட் வாட்ச் கட்டியவருக்காகவே எழுதப்படுகின்றன. இது எனக்கு உறுத்துகிறது. பாண்டி பஜார் துணிக்கடையில் பகல் முழுக்க நின்று விற்கும் பெண்ணுக்கு எந்தச் செயலி இருக்கிறது? அவருக்கு அடி எண்ணிக்கை தேவையில்லை. கால் வலிக்கு என்ன செய்வது, இரவு ஒன்பதரைக்கு எதைச் சாப்பிடுவது என்று சொல்ல ஆள் வேண்டும்.

வருமானம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். யூபிஐ ஆட்டோபேயில் பணம் எடுக்குமுன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போய்விடும்; பயன்படுத்தாதவர் அப்போதே ரத்து செய்துவிடுவார். ஆகவே மறதியை நம்பிச் சந்தா நடத்த வழியில்லை. பயிற்சியாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ மொத்தமாக விற்பதுதான் தனியாளுக்குத் தோதாகத் தெரிகிறது. எடையும் சர்க்கரை அளவும் சேகரிக்குமுன், 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். தேவையில்லாததைக் கேட்காமலிருப்பதே பாதி வேலை.

பூங்காவில் பன்னிரண்டு பேரைச் சேர்த்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். பதிவிறக்கக் கணக்கு வேண்டாம். பன்னிரண்டாவது வாரத்திலும் அவர்களில் எத்தனை பேர் நடக்கிறார்கள், விலகியவர்கள் சொன்ன காரணம் என்ன என்பதை, அவர்களின் ஒப்புதலோடும் பெயரில்லாமலும் அனுப்புங்கள். தொடர்ந்து வெளியிடுவோம்.