வீட்டுக்குள்ள ஒரு தபாலாபீஸ்

சொந்த மெயில் சர்வரை வீட்டிலேயே வைக்கணும்னு எனக்கும் ரொம்ப நாள் ஆசை மக்கா. நம்ம கடுதாசி நம்ம வீட்டுப் பொட்டியிலேயே கிடக்கட்டுமேன்னுதான்.

ஆனா கஜா புயலை (2018 நவம்பர் 16) நினைச்சா கை நடுங்குது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் கிராமங்கள்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. நம்ம சர்வர் படுத்துட்டா, அனுப்புறவங்க சர்வர் வழக்கமா நாலஞ்சு நாள் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். அப்புறம் மெயிலை அனுப்புனவருக்கே திருப்பிடும்.

அதனால என் கட்சி இதுதான்: டொமைன் பேரை உங்க பேர்ல வாங்கி, வருஷா வருஷம் மறக்காம புதுப்பிச்சுக்கோங்க. சர்வர் வெளியூர்ல வாடகைக்கு இருக்கட்டும். நாளைக்கு அதை மாத்தினாலும் முகவரி மாறாது. வீட்டுப் பொட்டியில ஒரு நகல் போதும். நீங்க என்ன சொல்றீங்க?