இரத்தப் பரிசோதனைக்குப் பின் யார் செலவில்?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை ஒரு குழாய் இரத்தத்தைக் கொண்டே தொடக்கத்தில் கண்டறியலாம் என்னும் செய்தி அவ்வப்போது வெளியாகிறது. அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. புற்றணுக்கள் பெருகும்போது உடலின் வளர்சிதை மாற்றம் தடம் மாறுகிறது. அமினோ அமிலங்கள் போன்ற சிறு மூலக்கூறுகளின் அளவு இரத்தத்தில் கூடவோ குறையவோ செய்கிறது. ஜப்பானின் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் அத்தகைய நான்கு பொருள்களை மட்டும் அளந்து நோயைக் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். நோயாளிகளில் 83 விழுக்காட்டினரை அது இனங்கண்டது. நோயற்றவர்களில் 81 விழுக்காட்டினரை நோயற்றவர் என்றே சொன்னது.

ஆனால் அங்கே பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே நோயாளிகள். ஊர் அப்படி இருப்பதில்லை. 10,000 பேரில் 50 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதே திறனுள்ள பரிசோதனை அவர்களில் 41 பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே, நோயே இல்லாத சுமார் 1,890 பேருக்கும் 'ஐயம் உள்ளது' என்று தாள் கொடுக்கும். அத்தனை பேரும் கொலனோஸ்கோபி செய்துகொண்டால்தான் உண்மை தெரியும். அதற்குப் பணம் வேண்டும், வேலைக்குப் போகாத நாளின் கூலியை இழக்க வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். இவையெல்லாம் வாய்க்காதவர் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வழக்கறிஞர்களுக்கு இது பழகிய சிக்கல்தான். தீர்ப்புப் பெறுவதைக் காட்டிலும் அதை நிறைவேற்றவே கூடுதலாக அலைகிறோம்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தை இங்கே கருத வேண்டும். கறுப்பின மக்கள் இந்நோயால் வெள்ளையரைவிடக் கூடுதலாக இறப்பதற்கு அவர்களது உடற்கூறே காரணம் என்று சொல்லித் தப்பிப்போர் உண்டு. 2002இல் அம்மாநிலத்தில் உரிய பரிசோதனை செய்துகொண்டிருந்தோர் கறுப்பினத்தவரில் 48 விழுக்காடு, வெள்ளையரில் 58 விழுக்காடு. காப்பீடு இல்லாதோரின் கொலனோஸ்கோபிச் செலவை அரசே ஏற்றது. நோய் உறுதியானால் சிகிச்சைச் செலவையும் ஏற்றது. மக்களைத் தேடிச் சென்று, நாள் குறித்து, மருத்துவமனைவரை வழிகாட்டச் செவிலியர்களை அமர்த்தியது. 2009இல் இரு தரப்பிலும் பரிசோதனை அளவு 74 விழுக்காட்டை எட்டியது. கறுப்பினத்தவரிடையே இந்நோயின் இறப்பு வீதம் 42 விழுக்காடு சரிந்து வெள்ளையரின் வீதத்தை நெருங்கியது. ஏழே ஆண்டுகளில் உடற்கூறு மாறிவிடவில்லை. புதிய கருவி எதுவும் அங்கே வந்திறங்கவும் இல்லை. கொலனோஸ்கோபி பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பதுதான்.

இந்தியாவில் அரசின் மக்கள்தொகை அளவிலான பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களையே குறிவைத்தது. பெருங்குடலுக்கான இரத்தப் பரிசோதனை இங்கு நுழையுமானால், தனியார் ஆய்வகத்தின் தள்ளுபடி விளம்பரமாகத்தான் முதலில் நுழையும் என்பது என் கணிப்பு. அது அரசுத் திட்டத்தில் சேர்க்கப்படும் நாளில், கொலனோஸ்கோபியும் அறுவைச் சிகிச்சையும் அதே அரசாணையில் இடம்பெற்றுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.