முள்ளெலி வாழும் நிலத்துக்கு ‘தரிசு’ என்று பெயர்... என்ன சிக்கல்?

கோவை, திருப்பூர் நகரங்களைத் தாண்டினால் சாலையோரம் வரிசையாகக் கொடி நட்ட மனைப்பிரிவுகள். “சும்மா கெடந்த பூமிதானே” என்பார்கள். அந்த ‘சும்மா கெடந்த’ முட்புதர்க் காட்டில்தான் மெட்ராஸ் முள்ளெலி வசிக்கிறது. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. பகலில் புதருக்கு அடியிலோ வளையிலோ பதுங்கியிருக்கும். இரவில் வண்டு, கரையான் தேடிக் கிளம்பும்.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இத்தகைய அரசு நிலங்கள் பலவும் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றே இருக்கின்றன. மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலம் தரிசுக் கணக்கில்தான் வருகிறது. காடு என்று பதிவான நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டும். ‘தரிசு’ என்றால் பெரும்பாலும் அந்தப் பேச்சே எழாது. சோலார் மின் திட்டங்களோ, 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரம்பிலேயே இல்லை.

பட்டா நிலத்தில் கதை வேறு. கொங்குப் பகுதியின் கொரங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மாடு வெளியே போகாது; ஆனால் முள்ளெலி அடியில் புகுந்து போய்விடும். அதே நிலம் மனையானால் முதலில் எழும்புவது காம்பவுண்டு சுவர். பூச்சி இருக்கும் இடம் ஒரு பக்கம், பதுங்கும் புதர் இன்னொரு பக்கம்னு ஆகிவிடும்.

சுற்றிப் போகலாம்தான். வழியில் சாலை இருக்கிறது. ஆபத்து வந்தால் முள்ளெலி ஓடாது, பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரியிடம் எடுபடும் இந்த உத்தி லாரி டயரிடம் எடுபடாது.

சர்வதேச சிவப்புப் பட்டியல் இதை ‘கவலை குறைந்த’ இனமாகத்தான் வைத்திருக்கிறது. பரவல் பகுதி அகலமானது என்பதால் அது சரியாகவே இருக்கலாம். ஆனால், நகர விளிம்பில் வாழும் முள்ளெலிக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

பிரிட்டனில் தோட்டச் சுவர், வேலிகளின் அடியில் 13 செ.மீ. சதுர ஓட்டை விடச் சொல்லி முள்ளெலிகளுக்காகப் பிரசாரமே நடக்கிறது. இங்கே பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று விதி உண்டு. அதில் ஒரு ஓரத்தைப் புதராகவே விடுங்கள் என்று மனை வாங்குபவர்கள் கேட்டுப் பார்க்கலாம். “பாம்பு வரும் சார்” என்பதுதான் அநேகமாகப் பதிலாக இருக்கும்.